விராலிமலையில் ஒரு ‘வா’

சைகோனில் நான் நாள்தோறும் காலை ஆகாரம் சாப்பிட்ட கடையில் ‘போ’ என்று சொல்லி வரவேற்பார்கள். ‘சா’ என்று சொல்லி உபசரிப்பார்கள். ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவர்களை, ஜவுளிக்கடைத் தமிழர்களான நாங்கள் வேண்டுமென்றே முதல்நாள் அங்கே அழைத்துப்போவோம். வாசலில் கால் வைத்ததும் கடைக்கார அம்மாள், “போ?” என்பார். வந்தவர் முகம் சுண்டிப்போகும். சமாளித்துக்கொண்டு உட்கார்ந்தால், “சா?” என்பார். ரோஷக்காரர்கள் அதோடு எழுந்துவிடுவார்கள். போ என்பது எலும்புச் சாற்றில் அரிசிச் சேவையைப் போட்டு, மேலே இறைச்சியும் தழையும் தூவித் தருகிற அந்த ஊர்ப் பண்டம். சா என்றால் தேநீர். இரண்டையும் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு வளைவு இருக்கும். நம் காதில் வளைவு விழாது. வசவு மட்டும் விழும்.

அந்த அம்மாளுக்கு வடக்கே நாம்தின் பக்கம் சொந்த ஊர். போவைக் கண்டுபிடித்ததே தன் ஊர்க்காரர்கள்தான் என்பார். அவர் கடையில் சாப்பிட வருகிறவனுக்கு மரியாதை கிடையாது, சாப்பாட்டுக்குத்தான் மரியாதை. சாற்றை ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் எலுமிச்சையைப் பிழிந்தால் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொள்வார். ஆறவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நின்று இருமுவார். சாறு அவ்வளவு தெளிவாக இருக்கும். கிண்ணத்தின் அடியில் வரைந்த நீலப் பூவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிய காலம் முழுக்கக் காலையில் நான் வேறு எங்கும் கை நனைத்ததில்லை. இப்போது காரைக்காலில் உட்கார்ந்து இதை எழுதும்போதும் நாக்கு அந்தக் கடையைத்தான் தேடுகிறது.

எங்கள் கடையின் கிடங்கைப் பார்த்துக்கொண்ட சவரிமுத்துவும் அங்கேதான் சாப்பிடுவான். புதுக்கோட்டைச் சீமையில் ஆவூர்க்காரன். வேலையில் சுறுசுறுப்பானவன், சாப்பாட்டில் மட்டும் ஆமை. ஒரு கிண்ணத்தை முடிக்க அவனுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று எங்களுக்குப் புரிய வெகுநாள் பிடித்தது. கடைக்கார அம்மாளின் ஒரே மகள் தூ என்பவள்தான் பரிமாறுவாள். மாதா கோவிலில் அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவன் நான். வியட்நாம் சண்டை முற்றிச் சைகோனுக்குள்ளேயே வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கிய சமயத்தில், நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று சவரிமுத்து ஊர் திரும்பினான். தூவும் அவனோடு கப்பல் ஏறினாள்.

சில வருஷம் கழித்து, உறையூர்ச் சேலைகளைப் பார்த்து எடுக்க முதலாளி என்னைத் திருச்சிக்கு அனுப்பினார். நான் பிறந்து வளர்ந்தது சைகோனில். பூர்வீகம் காரைக்கால் என்பது பேச்சளவில்தான். ஆகவே இந்தியா எனக்கு வெளிநாடு. இதைக் கேள்விப்பட்ட கடைக்கார அம்மாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் எந்த மேசையிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். முழங்கால் போய்விட்டது, இனி அடுப்படியில் நிற்க முடியாது. பக்கத்துக் கடைச் சீனர் இந்தக் கடையை விலைக்குக் கேட்கிறார். தூ திரும்பி வந்தால் கடை அவளுக்கு. வரவில்லை என்றால் விற்றுவிட்டுக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் விடுதிக்குப் போய்விடுவார். போய் அவளைப் பார்த்து வா என்றார்.

“நன்றாக இருக்கிறாயா என்று அவளிடம் கேட்காதே. நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். அவள் வைக்கிற சாற்றைக் குடித்துப் பார். மனசு சரியில்லாதவள் சாறு வைத்தால் கலங்கும். கலங்கியிருந்தால் அழைத்துக்கொண்டு வா.”

எனக்கு நீதிபதி வேலை கிடைத்த மாதிரி இருந்தது. கப்பலில் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் தினமும் கப்பல்காரன் ஊற்றிய சூப்பைக் குறைசொல்லி நாக்கைத் தீட்டிக்கொண்டு வந்தேன்.

உறையூரில் வேலை முடிந்த கையோடு, ஒரு சனிக்கிழமை திருச்சியில் பஸ் ஏறினேன். சவரிமுத்து விராலிமலையில் மதுரை ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சைகோன் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் செத்தால்கூட யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் பஸ் கிளம்பும் முன்பே என் ஊர், தொழில், சம்பளம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, எனக்கு ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்பதில் வந்து நின்றார். தப்பிக்க வழி தெரியாமல் தூங்குவது போலக் கண்ணை மூடினேன். நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

பஸ் நின்ற குலுக்கலில் விழித்தபோது கண்டக்டர் படியில் நின்று, “வா சாப்புடுறவங்கள்லாம் எறங்குங்க, பத்து நிமிசம் நிக்கும்” என்று கத்திக்கொண்டிருந்தார். என்ன பண்பான ஊர், கண்டக்டர்கூட வா சாப்பிடு என்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தூவின் கைப்பக்குவத்துக்காகக் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டு வந்தவன், வழியில் கண்ட கடையில் சாப்பிடுவேனா? மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு துவரங்குறிச்சியில் விழித்தபோதுதான், பஸ் முன்பு பத்து நிமிஷம் நின்ற இடம்தான் நான் இறங்க வேண்டிய விராலிமலை என்று தெரிந்தது. பெரியவர் ரொம்ப வருத்தப்பட்டார். சம்பளத்திலிருந்து கல்யாணம் வரை விசாரித்தவருக்கு நான் எங்கே போகிறேன் என்று கேட்கத் தோன்றவில்லை.

கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று திரும்பிப் போக இடம் கொடுத்தது. டிரைவர், “நானும் வா சாப்புடத்தான் நிப்பாட்டுவேன், ஏறுங்க” என்றார். எனக்குச் சாப்பாடு வேண்டாம், அங்கே என் நண்பர் கடையில் ஏற்பாடு இருக்கிறது என்று நன்றி சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டலானார்.

லாரி நின்ற இடத்தில் இரண்டு புளியமரங்களுக்கு அடியில் நீளமான கீற்றுக் கொட்டகை. எதிரே மலை, மேலே முருகன் கோவில். வாசலில் ஒரு சிலேட்டில் சாக்கட்டியால் ‘சூடான வா’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர் இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையைத் தூக்கி, “இங்கிட்டு இன்னொரு வா போடுங்க” என்றார். வாளியோடு ஓடிவந்தவன் சவரிமுத்து. என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் சட்டையில் அன்னாசிப்பூ வாசம் அடித்தது. 

‘வா’ வந்த கதையை அவன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். கடை போட்ட புதிதில் தூ, பிறந்த ஊர் வழக்கப்படி பஸ் வந்து நின்றதும் வாசலுக்கு வந்து “போ, போ” என்று கூவியிருக்கிறாள். இறங்கியவர்கள் திரும்ப ஏறிக்கொண்டார்கள். இலுப்பூரிலிருந்து வந்த ஒரு மிராசுதார், காசு கொடுத்துச் சாப்பிட வந்தவனைத் துரத்துகிற கடையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நடுரோட்டில் நின்று நியாயம் கேட்டார். சவரிமுத்து பண்டத்தின் பெயர்தான் அது என்று விளக்கினான். பண்டத்துக்கு அபசகுனமாக ஏன் பெயர் வைத்தாய், வா என்று வைப்பதற்கென்ன என்றார் அவர். மறுநாளே வைத்துவிட்டார்கள். மிராசுதார் அன்றிலிருந்து கார்த்திகைக்குக் கார்த்திகை மாட்டுவண்டி கட்டி வந்து, காய்கறி போட்ட ‘வா’ சாப்பிட்டுவிட்டு மலையேறுகிறாராம்.

பாவம் தூ. அவள் சமைக்கும் பண்டம் தமிழில் வசவு என்றால் அவள் பெயர் அதைவிட மோசம். ஆவூரில் ஒருவராலும் வாய் கூசாமல் அவளைக் கூப்பிட முடியவில்லை. ஞானஸ்நானப் பெயரைத் தேடியெடுத்துத் தெரசா என்று அழைக்கிறார்கள்.

அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். கண்டாங்கிச் சேலையை முழங்கால் தெரியாமல் இழுத்துச் செருகியிருந்தாள், தலையில் கனகாம்பரம். நான் வியட்நாம் பாஷையில் குசலம் விசாரித்தேன். அவளும் அதிலேயே தொடங்கி, ஒரு சொல்லுக்குத் தடுமாறி, “அத விடுங்கண்ணே, மொதல்ல ஒக்காருங்க, பசியா வந்திருப்பீங்க” என்று ஆவூர்த் தமிழுக்கு வந்துவிட்டாள். அவள் தமிழ் என் தமிழைவிட ஓட்டமாக இருந்தது. நான் பேசுவது பூசையில் பிரசங்கம் கேட்பது போல இருக்கிறதாம்.

உட்கார்ந்தேன். கிண்ணம் வரவில்லை. மந்தார இலை வந்தது. அதில் அவித்து நறுக்கிய அரிசிச் சேவை, மேலே ஆட்டிறைச்சித் துண்டு, கொத்தமல்லி, புதினா. சவரிமுத்து வாளியிலிருந்து சாற்றை ஒரு கரண்டி ஊற்றினான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சேவையில் பாத்தி கட்டி, ரசத்தைப் போல வாங்கிக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை கரண்டி கேட்டாலும் சாறு உண்டு. தூவின் அம்மா இதைப் பார்த்தால் வாளியையே பிடுங்கிக்கொள்வாரே என்று நினைத்தேன். அப்போதுதான் தூ செய்த காரியத்தைக் கண்டு நடுங்கிப்போனேன். ஒரு டம்ளரில் கொதிக்கும் சாற்றை எடுத்தாள். இன்னொரு டம்ளரை இடக்கையில் பிடித்தாள். டீ ஆற்றுவது போலக் கைநீளத்துக்கு மேலும் கீழும் இழுத்து ஆற்றி, நுரையோடு என் முன்னால் வைத்தாள்.

போவை ஆற்றுவதா? அவளுடைய அம்மா, ஆறிப்போனது என்று சொல்லிக் கீழே கொட்டிய கிண்ணங்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பக்கத்து இலைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் போலிருந்தவர், டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டார். வாய் வைத்து உறிஞ்சுவது இங்கே எச்சில். கொதிக்கக் கொதிக்க அண்ணாந்து குடித்தால் தொண்டை வெந்துவிடும். பஸ்ஸோ பத்து நிமிஷம்தான் நிற்கும். ஆற்றாமல் என்ன செய்வாள் என்று புரிந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

நான் வந்த காரியத்துக்கு வந்தேன். டம்ளரைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். அடி தெரியவில்லை. மஞ்சளும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் மழைத்தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. குடித்தேன். அன்னாசிப்பூவும் பட்டையும் தூரத்திலிருந்து ஒரு குரல் கொடுத்தன. மற்றதெல்லாம் மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும். நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினேன். ஆனால் கலங்கியிருந்தது. அவளுடைய அம்மா சொன்னது காதில் ஒலித்தது.

மறுநாள் ஞாயிறு. கடைக்கு விடுமுறை. சவரிமுத்து என்னைச் சைக்கிள் பின்னால் ஏற்றி ஆவூருக்குப் பூசைக்கு அழைத்துப் போனான். சைகோனில் மிதிவண்டி ரிக்‌ஷாவில் மெத்தை போட்ட இருக்கையில் போய்ப் பழகியவன் நான். இங்கே கேரியர் கம்பி. பாதிவழியில் கருவேல முள் குத்தி டயர் இறங்கியபோது உள்ளுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நடந்தே போய்ச் சேர்ந்தோம், பூசை பாதி முடிந்திருந்தது. கோவில் வாசலில், முந்தியே வந்திருந்த தூவை மொய்த்துக்கொண்ட பெண்கள், சைகோன் அண்ணன் வந்திருக்கிறாரா, அம்மா நல்லா இருக்காங்களா என்று விசாரித்தார்கள். முழங்கால் வலி என்று நான் சொன்னதும், பார்த்தேயிராத அந்த அம்மாளுக்கு ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள்.

மதியம் வீட்டில் தூ கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் ஒரு மண்ஜாடியைக் காட்டினாள். கோட்டைப்பட்டினத்து நெத்திலியை உப்பில் ஊறவைத்து அவளே இறக்கிய மீன்சாறு. சைகோனில் அது இல்லாமல் ஒரு வாய் உள்ளே போகாது. இங்கே முதல் தடவை ஜாடியைத் திறந்தபோது, எலி செத்துக்கிடக்கிறது என்று தெருவே தேடியதாம். கடைக்குக் கொண்டுபோக வழியே இல்லை. கஞ்சியில் இரண்டு சொட்டு விட்டுத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறாள். அவள் மூடியைத் திறந்தாள். இருவரும் குனிந்து முகர்ந்தோம். சைகோனின் பென்தான் சந்தையும், மழைக்காலமும், அவளுடைய அம்மாவின் அடுப்படியும் அந்த ஜாடிக்குள் இருந்தன. நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான். சாறும் கலங்கல், கண்ணும் கலங்கல், இனி என்ன சாட்சி வேண்டும்? மறுநாள் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

திங்கட்கிழமை காலை கடைக்குப் பின்னால் பாயில், இன்னும் நறுக்காத அரிசிச் சேவைத் தகடுகளைக் காயவைத்திருந்தார்கள். மலையிலிருந்து மயில்கள் இறங்கிவந்து வரிசையாக நின்றன. ஒன்று நாகரிகமாக ஒரு தகட்டைக் கவ்விக்கொண்டு நடந்தது. முருகனின் வாகனம், அடிக்க முடியாது. சவரிமுத்து கையிலிருந்த குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “போங்க சாமி, போங்க” என்று கெஞ்சினான். அந்தக் கடையில் ‘போ’ என்ற சொல் மயில்களுக்கு மட்டும்தான்.

பஸ் வர இன்னும் நேரமிருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தூவின் எதிரே உட்கார்ந்து அவள் பாஷையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் முழங்கால், சீனர், விடுதி, கடை உனக்குத்தான் என்று சொல்லியனுப்பியது, எதையும் விடவில்லை. சவரிமுத்துவுக்கும் கிடங்கில் பழைய வேலை காத்திருக்கிறது என்று சேர்த்துக்கொண்டேன். அவள் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் மதுரை பஸ் வந்துவிட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். நிறையக் கூட்டம். கோவிலுக்கு வந்த ஒரு குடும்பம், சுருட்டுப் புகைத்துக்கொண்டு ஒரு தாடிக்காரர், கைக்குழந்தையோடு ஒரு தாய். தூ அந்தத் தாயைச் சுவரோரம் உட்காரவைத்து, குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் பரிமாறினாள். பாதிப்பேர் இலையில் கை வைத்த நேரத்தில் டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டு பேர் அரைகுறையாக எழுந்தார்கள். தூ கரண்டியை நீட்டி அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“எலையில கை வச்சவங்கள எழுப்பக் கூடாது தம்பி. நீங்க எறங்கி வந்து ஒக்காருங்க, ஒங்களுக்கும் ஆத்தி வச்சிருக்கேன்.”

டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். குழந்தையின் தாய் சாப்பிட்டு முடிக்கும்வரை பஸ் நின்றது. இது எனக்குப் பெரிய அதிர்ச்சி. அம்மாவின் கடையில் சாப்பாட்டுக்காக மனிதர்கள் காத்திருப்பார்கள். மகளின் கடையில் மனிதர்களுக்காகப் பஸ்ஸே காத்திருந்தது. எது உயர்ந்தது என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

பஸ் போனபின் அவள் என்னிடம் வந்தாள். இந்தத் தடவை தமிழில்தான் பேசினாள்.

“சாறு கலங்கலா இருக்குன்னுதானே அண்ணே டம்ளரச் சாச்சுப் பாத்தீங்க? எங்கம்மா சொல்லி விட்டிருப்பாங்க. மொத மாசம் தெளிவாத்தான் வச்சேன். வெறுந்தண்ணிய ஊத்துறான்னு எந்திரிச்சுப் போனாங்க. அப்பறம்தான் கொஞ்சம் பருப்புத் தண்ணி சேத்தேன்.”

என் நீதிமன்றம் அங்கேயே கலைந்துவிட்டது.

“நான் வரலைண்ணே. இவரு அப்பா நெலம், இந்தக் கடை, எல்லாத்தையும் விட்டுட்டு எங்கிட்டு வாரது. ஆனா அம்மாகிட்ட ஒன்னு மட்டும் சொல்லணும். கப்பல் ஏறுன அன்னிக்கு எங்க பேச்சுல, ‘பிள்ளை போறேன்’னு மட்டும்தான் சொன்னேன். எங்க வீட்டுல பெத்தவங்ககிட்ட நான்னு சொல்லாம பிள்ளைன்னுதான் சொல்லுவோம், கெளம்புறப்ப போறேன்னு மட்டும்தான். இங்க வந்த புதுசுல ஒருத்தங்க வீட்டுக்குப் போயிட்டு, கெளம்புறப்ப போறேன்னு சொல்லிட்டேன். அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு விடல. போயிட்டு வாரேன்னு சொல்லு, அப்பத்தான் விடுவேன்னுச்சு. அன்னிக்குத்தான் அண்ணே எனக்கு அழுக வந்துச்சு. எங்கம்மாகிட்ட அதச் சொல்லாம வந்துட்டேனே. நீங்க சொல்லிருங்க. தூ போயிட்டு வாரேன்னு சொன்னான்னு.”

சொல்கிறேன் என்றேன். அவள் டம்ளர்களை அலம்பப் போய்விட்டாள். அன்று மாலை திருச்சி பஸ்ஸில் ஏறும்போது சவரிமுத்து, அவன் மனைவி, லாரி டிரைவர் ஒருவர், எனக்குத் தெரியாத இன்னும் இரண்டு பேர் எல்லோரும் நான் அந்தச் சொல்லைச் சொல்லும்வரை படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சொன்னேன். விட்டார்கள்.

சைகோன் திரும்பிய மறுநாள் காலை கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாள் கிண்ணத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். மகள் வரமாட்டாள் என்பதை முதலிலேயே சொன்னேன். அவர் தலையசைத்தார். சாறு கலங்கல்தான், ஆனால் பருப்புத் தண்ணீர் என்றேன். ஆற்றிக் கொடுக்கிறாள் என்றேன். இலை, பாத்தி, மயில், பஸ் எல்லாம் சொன்னேன். பருப்புத் தண்ணீர் என்று கேட்டபோது மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். பஸ் காத்திருந்ததைக் கேட்டபோது மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

கடைசியில் தூவின் சொல்லைச் சொன்னேன். அவர் பாஷையில் அதற்கு ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ‘போகிறேன், போய்த் திரும்பி வருகிறேன்’ என்று உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பதறிப்போய் விளக்கினேன். அது வெறும் வழக்கம், அங்கே எல்லோரும் கிளம்பும்போது சொல்வது, பக்கத்துத் தெருவுக்குப் போகிறவனும் சொல்வான், கடல் கடந்து போகிறவனும் சொல்வான், அதற்கு வருவேன் என்று அர்த்தமில்லை என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் வருவதில்லையா?”

“வருகிறவர்களும் உண்டு.”

அவர் எழுந்து போனார். அன்று மத்தியானமே கடை விற்பனைக்கு இல்லை என்று சீனரிடம் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுப்படிக்கு உட்கார்ந்து சமைக்கிற மாதிரி ஒரு மர முக்காலி வந்தது. கால்வலியோடு அதில் உட்கார்ந்தபடியே சாற்றைத் தெளியவைத்தார்.

அந்தச் சொல்லைச் சொல்லித்தரும்படி என்னைக் கேட்டார். நாக்கு மடங்கவில்லை, ஆனாலும் விடவில்லை. ‘போய்த்து வாரென்’ என்று ஒருவாறாக வந்தது. அதன்பிறகு ஜவுளிக்கடைத் தமிழர் யார் சாப்பிட்டுவிட்டு எழுந்தாலும் வாசலை மறித்துக்கொண்டு நிற்பார், அந்தச் சொல்லைச் சொன்னால்தான் விடுவார். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வேடிக்கை. சிரித்துக்கொண்டே உரக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் பசிக்குமல்லவா, எல்லோரும் தவறாமல் வந்து நிற்பார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நீ சொன்னது தப்பு, பார், எல்லோரும் வருகிறார்கள் என்று அந்தப் பார்வை சொல்லும். நான் குனிந்து சாப்பிடுவேன்.

வருஷங்கள் போயின. வாசலை மறித்து அந்தச் சொல்லைக் கேட்பதை அம்மாள் விடவில்லை. சண்டை மறுபடி ஊருக்குள் வந்தது, ஜவுளிக்கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எங்கள் முதலாளியும் கடையைக் கட்டினார். கப்பல் ஏறும் முன் தெரிந்தவர்கள் எல்லோரையும் பார்த்து விடைபெற்றேன். கோவிலுக்குப் போனேன், சந்தைக்குப் போனேன், பக்கத்துக் கடைச் சீனரிடம்கூடச் சொல்லிக்கொண்டேன். அந்தக் கடைக்குள் மட்டும் நான் போகவில்லை.